கத்தரிச் செடியைப் பொழுதுபோக்குன்னு சொல்லாதீங்க

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. உளுந்து அடித்துத் தூற்றிவிட்டு, தலையெல்லாம் தூசியோடு திண்ணையில் வந்து சாய்ந்தேன். போனை எடுத்தால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஆரவாரம். சென்னையில் மடிப்பாக்கம் பக்கம் குடியிருக்கும் சித்தப்பா மகன் ஒரு கத்தரிக்காயைப் படம் பிடித்துப் போட்டிருந்தான். மேலே, கீழே, பக்கவாட்டில் என்று ஆறு படம். கீழே ஒரு வரி: "நானும் விவசாயி ஆயிட்டேன் அண்ணே!"

அத்தை, மாமா, பேரன், பேத்தி எல்லோரும் கை தட்டியிருந்தார்கள். எனக்குக் குறும்பு. "மொத்தம் எவ்வளவுடா செலவாச்சு?" என்று கேட்டேன். அவன் கணக்கு வைத்திருப்பவன். பை, தேங்காய் நார்க்கட்டி, பச்சை வலை, விதை, தெளிப்பான், புத்தகம் எல்லாம் சேர்த்து 6,800 ரூபாய். இதுவரை காய்த்தது நாலு காய். "அப்ப ஒரு காய் 1,700 ரூவா. பத்திரமா லாக்கர்ல வையி" என்று எழுதினேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டு எழுதினான்: "போங்கண்ணே, லாபத்துக்கா பண்றோம்? இது ஒரு பொழுதுபோக்கு. மனசுக்கு ரிலாக்ஸ்."

அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு முள்ளாகத் தைத்தது. அன்றைக்கு அவனுக்குப் பதில் எழுதாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவனை மட்டும் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. அதனால் முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் சிதம்பரத்துக்கும் காட்டுமன்னார்கோயிலுக்கும் நடுவில். வீராணம் பாசனம். கொள்ளிடத்துத் தண்ணீர் கீழணையில் பிரிந்து வடவாறு வழியாக ஏரிக்கு வந்து, அங்கிருந்து எங்கள் வாய்க்காலுக்கு வரும். (2004-லிருந்து அதே ஏரியிலிருந்து குழாயில் சென்னைக்கும் தண்ணீர் போகிறது. தம்பி மாடியில் பூவாளியில் ஊற்றுவது எங்கள் ஏரித் தண்ணீராகக்கூட இருக்கலாம். நன்றாக வளரட்டும்.) களிமண். சம்பா நெல், பிறகு அதே ஈரத்தில் உளுந்து. மூன்று ஏக்கர் வைத்திருக்கிற நான், பத்து வருஷத்துக்கு மேல் தினமும் காலையில் பைக்கில் வருகிற காய்கறிக்காரரிடம் கத்தரிக்காய் வாங்கித் தின்றவன். வெண்டைக்காய், கீரை, கறிவேப்பிலைகூட. சோறு போடுகிறவன் என்று மேடையில் சொல்வார்கள் இல்லையா, அந்த ஆள் கறிவேப்பிலைக்குக் கடன் சொன்னது உண்டு.

காரணம் கேட்டால், கொல்லையைச் சிமெண்ட் போட்டு மூடியதுதான். மாடி வீடு கட்டும்போது மேஸ்திரி, "பின்னாடியும் தளம் போட்டுட்டா நெல்லு காய வைக்கலாம், வண்டி நிறுத்தலாம்" என்றார். எனக்கும் அது கௌரவமாகத் தெரிந்தது. எங்கள் தெருவில் இப்போது பாருங்கள், வாசலில் மண் இருக்கிற வீடு என்றால் வசதியில்லாத வீடு என்று அர்த்தம். கோலம்கூட டைல்ஸ் மேல்தான். பட்டணத்துக்காரன் மண்ணைக் காசு கொடுத்து வாங்கி மூட்டையாக மாடிக்குத் தூக்குகிறான். நாங்கள் காசு கொடுத்து மண்ணை மூடுகிறோம். ரெண்டு பேரில் யார் பெரிய மடையன் என்று பட்டிமன்றம் வைத்தால் எங்கள் ஊர் ஜெயிக்கும்.

அந்தச் சிமெண்டுக்கு அடியில் என்ன இருந்தது என்று சொல்கிறேன்.

அம்மா நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவங்க. கல்யாணத்துக்கு வரும்போது பாத்திரம் பண்டத்தோடு கொஞ்சம் விதையும் முடிந்துகொண்டு வந்தார்களாம். அந்தக் காலத்தில் அது சாதாரணம். அதில் ஒரு கத்தரி. முட்டை அளவு, நல்ல ஊதா, காம்பில் முள். பறிக்கும்போது நிச்சயம் ஒரு முறையாவது விரலில் குத்தும். எங்கள் களிமண்ணில் தண்ணீர் நின்றால் கத்தரி வேர் அழுகிவிடும் என்று அம்மா மேட்டுப்பாத்தி கட்டி நட்டார்கள். பாத்திரம் கழுவுற தண்ணி வாழைக்குப் போய், அங்கிருந்து மீதி கத்தரிக்கு வரும். ஆடியில் நாற்று விட்டால் கார்த்திகை, மார்கழி வரைக்கும் காய். அப்புறம் கவாத்துப் பண்ணிவிட்டால் மறுபடி துளிர்த்து ஒரு சுற்று.

விதைக்கு என்று முதல் காயை விடமாட்டார்கள். ரெண்டாவது மூணாவது பறிப்பில், நல்ல செடியாகப் பார்த்து, ஒரு காயில் பழைய ரிப்பன் துணியைக் கட்டி வைப்பார்கள். "இதைத் தொட்டீங்க, கையை ஒடிப்பேன்." அது பழுத்து மஞ்சளாகி, சுருங்கி, தானாக விழுகிற மாதிரி ஆனதும் பறித்து, தண்ணீரில் பிசைந்து, மிதக்கிற விதையை ஊற்றிவிட்டு, அடியில் தங்கியதை நிழலில் காய வைத்து, சாம்பலில் புரட்டி, சுரைக்குடுக்கையில் போட்டு அடுப்புக்கு மேலே புகை படுகிற இடத்தில் தொங்க விடுவார்கள். பறங்கி விதை, புடலை விதை எல்லாம் சாணியில் பதித்து வரட்டியாகச் சுவரில் அப்பியிருக்கும். எங்கள் வீட்டு அடுப்பங்கரைச் சுவர்தான் எங்கள் விதைக்கடை.

அம்மா போனது 2013-ல். புது வீடு கட்டியும் பின்னாடி இருந்த அந்த மண்சுவர் அடுப்பங்கரையை இடிக்காமல் விட்டிருந்தோம். "குடுக்கையெல்லாம் எடுத்து உள்ளே வைங்க, சுவர் ஓதம் காக்குது" என்று என் வீட்டுக்காரம்மா நாலைந்து தடவை சொன்னாங்க. "வைக்கலாம் வைக்கலாம்" என்றேன். 2015 கார்த்திகையில் கடலூர் மாவட்டமே தண்ணீரில் நின்றது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம், டிவியில் பார்த்திருப்பீர்கள். ஒரு ராத்திரி சத்தமே இல்லாமல் அந்தச் சுவர் உட்கார்ந்துவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் மண்ணும் தண்ணியும் சாம்பலும் ஒன்றாகக் கலந்து கூழாகக் கிடந்தது. நெல்லுக்கு நிவாரணம் எழுதிக்கொண்டு போனார்கள். குடுக்கையை எந்தப் பாரத்தில் எழுதுவது?

இப்ப அந்த "பொழுதுபோக்கு" விஷயத்துக்கு வர்றேன்.

கடலூரிலிருந்து பண்ருட்டி போகிற வழியில் பாலூர் என்று ஓர் ஊர். அங்கே வேளாண் பல்கலைக்கழகத்தின் காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அவர்கள் வெளியிட்ட கத்தரி ரகம் பாலூர் 1. முட்டை வடிவம், பளபளப்பான ஊதா. அதை எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? ஒரு நாட்டுக் கத்தரியிலிருந்து தேர்ந்தெடுத்தது. நெல்லிக்குப்பம் என்றால் உங்களுக்குச் சர்க்கரை ஆலைதான் தெரியும். எங்களுக்குக் கத்தரிக்காயும் தெரியும். அதே நிலையத்தின் பாலூர் 1 பலா, பண்ருட்டி பக்கம் பணிக்கன்குப்பத்தில் நின்ற ஒரு மரத்திலிருந்து எடுத்தது. அம்மாவின் கத்தரிதான் பாலூர் 1 என்று நான் சொல்லவில்லை. ஒன்றுவிட்ட உறவாக இருக்கலாம். நான் சொல்வது, விஞ்ஞானி வந்து தேடுகிற அன்றைக்கு ஊரில் யாரோ ஒருத்தர் அதை விடாமல் விதை எடுத்து வைத்திருந்தார். சம்பளம் கிடையாது, பேர் கிடையாது. அவரைப் பார்த்து யாராவது "நல்ல பொழுதுபோக்கு" என்று சொல்லியிருந்தால், களைக்கொட்டால் ஒரு போடு போட்டிருப்பார்.

கதை அதோடு முடியவில்லை. மரபணு மாற்றிய பி.டி. கத்தரி வந்தது ஞாபகம் இருக்கிறதா? 2009 அக்டோபரில் மத்திய அரசின் குழு அதற்கு ஒப்புதல் கொடுத்தது. ஊர் ஊராகக் கூட்டம், கூச்சல். 2010 பிப்ரவரி 9-ஆம் தேதி அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்தி வைத்தார். அந்தக் கத்தரிக்காக நம்ம வேளாண் பல்கலைக்கழகம் வேலை செய்த நாலு ரகங்களில் ஒன்று இதே பாலூர் 1. வேண்டும் என்றவர்களுக்கும் அடிப்படைச் சரக்கு நாட்டுக் கத்தரிதான், வேண்டாம் என்றவர்கள் காப்பாற்றக் கிளம்பியதும் அதைத்தான். சரி, நிறுத்தியாச்சு. கொடி பிடித்தவர்களில் எத்தனை பேர் அதற்கப்புறம் வீட்டில் ஒரு நாட்டுக் கத்தரி விதையைக் காய வைத்தார்கள்? நானும் அன்றைக்குச் சிதம்பரத்தில் கூட்டத்தில் நின்று கை தட்டியவன்தான். மறுநாள் குழித்தட்டு நாற்றுக்கு முன்பணம் கொடுத்தேன். தட்டில் இருந்தது என்ன ரகம் என்று நான் கேட்கவும் இல்லை.

இதைப் படித்ததும் சிலர், "அப்போ மாடித்தோட்டம் போடாதே என்கிறாயா?" என்று கிளம்புவார்கள். இல்லவே இல்லை. அரசாங்கமே மாடித்தோட்டத் தளைகள் என்று மானிய விலையில் பை, நார்க்கழிவு, விதை, உயிர் உரம் எல்லாம் கொடுத்தது நல்ல காரியம். என் சண்டை அந்தப் பையோடு இல்லை. பையைக் காட்டி, "இதைப் போட்டா காய்கறிச் செலவு மிச்சம், விஷமில்லாத சாப்பாடு, மன அமைதி" என்று விற்கிறார்கள் பாருங்கள், அந்தப் பேச்சோடுதான் சண்டை.

செலவு மிச்சமா? தம்பியின் 1,700 ரூபாய்க் காயைப் பார்த்தீர்கள். மன அமைதியா? கத்தரி வைத்தவனுக்கு மன அமைதியா! ஒரு நாள் காலையில் நுனிக் குருத்து மட்டும் தலை சாய்ந்து தொங்கும். தண்ணி பத்தலை என்று நினைத்து ஊற்றுவீர்கள். அது தண்ணீர் இல்லை, உள்ளே தண்டுத்துளைப்பான் புழு உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்கே அந்தக் குருத்தைக் கிள்ளி நசுக்கினால் சரி. விட்டால் அது வளர்ந்து பூச்சியாகி, அடுத்த தலைமுறை காய்க்குள் போகும். காய்க்குள் போனதும் ஓட்டையைத் தன் கழிவாலேயே அடைத்துக்கொள்ளும். அப்புறம் வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்தாலும் சரி, கடையில் வாங்கின மருந்தை அடித்தாலும் சரி, உள்ளே எட்டாது. சிலபேர் கடையில் ஓட்டைக் காயாகப் பொறுக்கி எடுத்து, "புழு இருக்கு, அப்ப மருந்தடிக்காத காய்" என்று சந்தோஷப்படுகிறார்கள். ஐயா, மருந்து அடித்தும் சொத்தையான காய் அது. ரெண்டு நஷ்டமும் சேர்ந்தது.

ரெண்டு வருஷம் முன்னாடி அரைக்காணி கத்தரி போட்டேன். நல்ல காய்ப்பு நேரத்தில் கிலோ எட்டு ரூபாய்க்குக் கேட்டார்கள், அதிலும் சொத்தையைத் தனியாகப் பொறுக்கித் தள்ளிவிட்டு. பறிக்கிற கூலிக்கே காணாது. கடைசிப் பறிப்பை மாட்டுக்கு விட்டேன். அதே வாரம் தம்பி போனில், "இங்க அறுபது ரூவாண்ணே, கொள்ளையடிக்கிறாங்க" என்றான். கொள்ளை நடந்தது உண்மை. ஆனால் கடலூர் உழவர் சந்தையில் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிற அம்மாவிடம் மட்டும் எல்லோரும் அஞ்சு ரூபாய் குறைக்கச் சொல்கிறார்கள். ஒரே ஒரு கத்தரிச் செடியை நாற்றிலிருந்து காய் வரைக்கும் வளர்த்தவன் அந்த அம்மாவிடம் பேரம் பேசமாட்டான். பேச வாய் வராது. தம்பி இப்போது பேசுவதில்லையாம், அவனே சொன்னான். அவன் செலவழித்த 6,800-ல் எனக்குப் பிடித்த வரவு அது ஒன்றுதான்.

சந்தோஷம் இல்லையா என்றால், இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன். சிமெண்டை உடைத்து நாலு வருஷம் ஆகிறது. முழுசாக இல்லை, பாதிக் கொல்லை. வீட்டுக்காரம்மாதான் கடப்பாரையை எடுத்துக் கொடுத்தாங்க. உடைத்த இடத்தில் முதல் மழைக்கே என்னென்னவோ முளைத்தது. நான் ஒன்றும் போடவில்லை. இத்தனை வருஷம் மூடியிருந்த மண்ணுக்குள்ளிருந்து குப்பைக்கீரை, பண்ணைக்கீரை, சாரணை. துணி காயப்போடுகிற கம்பிக்குக் கீழே மட்டும் வரிசையாக மணத்தக்காளி! கம்பியில் உட்கார்ந்த குருவி போட்ட எச்சம் அது, கோடு கிழித்த மாதிரி நேராக நட்டுவிட்டுப் போயிருக்கிறது. எருக்குழியில் ஒரு பறங்கி தானாகவே முளைத்து, யாரையும் கேட்காமல் கழிப்பறைக் கூரை மேல் ஏறி, பதினோரு காய். காசு கொடுத்து வாங்கி, பாத்தி கட்டி, வேளைக்குத் தண்ணி விட்ட பாகல் மூன்று காயோடு படுத்துக்கொண்டது. இதுதான் கொல்லையின் குணம். நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்தது உங்களைக் கைவிடும், கவனிக்காமல் விட்டது கூரை ஏறும்.

மாடித்தோட்டக்காரர்கள் எல்லோரும் கேட்கிற ஒரு கேள்வி: "பூ நிறைய வருது, எல்லாம் கொட்டிடுது." கத்தரிப் பூவைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். சில பூவில் நடுவில் ஒரு பச்சை முனை மஞ்சள் குழாய்களைத் தாண்டி வெளியே நீட்டியிருக்கும். அது காய் பிடிக்கும். சில பூவில் அது உள்ளேயே குட்டையாக ஒளிந்திருக்கும். அது கொட்டத்தான் கொட்டும், நீங்கள் என்ன டானிக் ஊற்றினாலும். எல்லாப் பூவும் காயானால் செடி தாங்காது. இன்னொன்று, கத்தரிப் பூவில் மகரந்தம் அந்த மஞ்சள் குழாய்களுக்குள் அடைந்து கிடக்கும், நுனியில் சின்னத் துளை. தேனீ வந்து நடந்தால் லேசில் கொட்டாது. காய்ந்த மூங்கிலைத் துளைத்துக் குடியிருக்குமே பெரிய கருவண்டு, அது வந்து பூவை அணைத்துக்கொண்டு 'ர்ர்ர்' என்று உடம்பை அதிர வைக்கும். திருநீற்று டப்பாவைக் குலுக்கியது போலப் பொடி கொட்டும். எங்கள் புடலைப் பந்தல் மூங்கிலில் வட்ட ஓட்டையாக இருக்கிறதே, உளுத்துப்போச்சு என்று பிடுங்கப் போனேன். "அது வண்டு வீடு, விடுங்க" என்று தடுத்தாங்க வீட்டுக்காரம்மா. அஞ்சாவது மாடிக்கு அந்த வண்டு வரவில்லை என்றால், காலையில் பூக்காம்பை விரலால் லேசாகச் சுண்டி விடுங்கள். போதும்.

மார்கழியில் கோலத்து நடுவில் சாணிப் பிள்ளையார் பிடித்துப் பறங்கிப்பூ வைப்பார்கள் இல்லையா? சின்ன வயசில் எனக்கு வருத்தம், தினம் இத்தனை பூவைப் பறித்தால் காய் எப்படி வரும் என்று. ஆயா சிரித்துக்கொண்டே பூவுக்கு அடியில் காட்டினாங்க. பிஞ்சு இல்லாத பூவை மட்டும் பறிக்கிறார்கள். அது ஆண் பூ, எக்கச்சக்கமாக இருக்கும். அடியில் குண்டுமணி மாதிரி பிஞ்சோடு இருக்கிற பெண் பூவை யாரும் தொடுவதில்லை. எங்கள் தெருப் பெண்களுக்கு யாரும் தாவரவியல் நடத்தவில்லை. விடியற்காலை இருட்டில், தூக்கக் கலக்கத்தில், கை தடவியே பிரித்துப் பறிக்கும். இப்போது டைல்ஸ் வாசலில் சாணியும் இல்லை, பூவும் இல்லை. அந்தக் கை என் மகளுக்கு இல்லை. இதையெல்லாம் எந்தப் பையோடு சேர்த்து விற்பார்கள்?

இதைத்தான் நான் சொல்ல வருகிறேன். பொழுதுபோக்கு என்றால் மனசு போனால் விட்டுவிடலாம். சலித்தால் பையைக் கவிழ்த்துவிட்டு கிட்டார் கற்றுக்கொள்ளலாம். ஒவ்வொரு ஆடிக்கும் புதுப் பாக்கெட் வாங்கிக்கொள்ளலாம், ஏனென்றால் விதை உங்கள் பொறுப்பு இல்லை, கடைக்காரர் பொறுப்பு. பாக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் வீரிய ஒட்டு. அதைக் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன், நானும் வாங்கி நட்டவன், காய்ப்பும் நிறைய. ஆனால் அதன் பழத்தில் விதை எடுத்து அடுத்த வருஷம் போட்டால், ஒரு செடி நீளமாகக் காய்க்கும், ஒன்று உருண்டை, ஒன்று காய்க்கவே காய்க்காது. அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் இழுக்கும். மறுபடி கடைக்குப் போகவேண்டியதுதான். பாக்கெட்டின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். எஃப் 1 என்று போட்டிருந்தால் இதுதான் கதை. பாலூர் 1 மாதிரி ரகங்களில் அந்தத் தொல்லை இல்லை, வருஷா வருஷம் நீங்களே எடுக்கலாம். 2001-ல் வந்த பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம், விதையை எடுத்து வைக்க, மறுபடி விதைக்க, மாற்றிக்கொள்ள, கம்பெனிப் பேர் போடாமல் விற்கக்கூட உழவனுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. நல்ல சட்டம். உரிமையைப் போட்டு வைக்க எங்கள் தெருவில் ஒரு குடுக்கை இல்லை.

மாடித்தோட்டக் கூட்டத்தில் ஒரு புள்ளி மட்டும் பேச்சில் வராமல் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் ஒரே நார்க்கட்டி, ஒரே கலவை. எங்கள் களிமண்ணிலிருந்து நாற்பது நாற்பத்தைந்து கிலோமீட்டர் வடக்கே போனால் கடலூர் கேப்பர் மலை, சுத்தச் செம்மண். என் மச்சான் வீடு அந்தப் பக்கம். பலா, முந்திரி, கொய்யா. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் வந்து முந்திரியையும் பலாவையும் சாய்த்துப் போட்டபோது அவர் கொல்லையில் நின்றது ஒரு முருங்கைப் போத்து மட்டும். இங்கே செய்கிற வேலை அங்கே ஆகாது. நான் தண்ணியை வடிக்கப் பாடுபடுகிறேன், அவர் நிறுத்தப் பாடுபடுகிறார். நார்க்கட்டியை மக்க வைக்காமல், ரெண்டு மூணு தடவை அலசாமல் போட்டால் அதில் இருக்கிற உப்பே செடியைக் கருக்கும். இதைச் சொல்லித் தராமல் "நட்டா வரும்" என்கிறார்கள். வரவில்லை என்றால், "எனக்குக் கை ராசி இல்லை" என்று பாவம் அந்த அம்மா தன்னையே நொந்துகொள்கிறாள்.

அம்மாவின் கத்தரிக்கு வருகிறேன். அது போயே போச்சு என்றுதான் இருந்தேன். போன வருஷம் அக்கா வீட்டுக்குப் போனேன், கெடிலத்தங்கரைப் பக்கம். மத்தியானம் சாப்பாட்டுக்கு அக்கா கொத்சு வைத்தது. சிதம்பரம் என்றால் நடராஜருக்கு அடுத்தபடி கொத்சுதான். கோயில் பிரசாதமாகச் சம்பா சாதத்தோடு வருவது. நல்லெண்ணெயில் கத்தரியை வதக்கி மசித்து, புளி விட்டு, வறுத்து இடித்த மல்லி மிளகாய்ப் பொடி போட்டு இறக்குவது. வருஷக்கணக்காகச் சிதம்பரத்தில் டிபனோடு தின்றிருக்கிறேன், வெறும் புளியும் காரமும்தான் நாக்கில் நிற்கும். அக்கா வைத்ததில் ஒரு வாய் எடுத்ததும் கை நின்றுவிட்டது. காய் வெண்ணெயாக இருந்தது.

"என்னாக்கா காயி இது?"

"என்னா காயின்னா? நம்ம வீட்டுக் காயிதான். அம்மா குடுத்தனுப்புச்சே, நான் வாக்கப்பட்டு வரச்சே. விட்டுடுவனா?"

பின்னாடி போய்ப் பார்த்தேன். ஏழு செடி. ஒரு காயில் துணி கட்டியிருந்தது. கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தேன், விரலில் குத்தியது. அக்காவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பி.டி. கத்தரி கூட்டத்துக்கெல்லாம் போனதில்லை. முப்பது வருஷமாக ஆடிக்கு ஆடி நாற்று விட்டிருக்கிறது. இதை எதற்காகச் செய்தாய் என்று நான் கேட்டதற்கு, "எதுக்கா? பின்ன கத்திரிக்காய்க்கு எங்க போறது?" என்று என்னையே கேட்டது.

ஒரு பழத்து விதை வாங்கி வந்தேன். ஆடியில் நாற்று விட்டேன். மீதியில் முப்பது விதையை எண்ணித் தாளில் மடித்து, ஊருக்கு வந்திருந்த தம்பியிடம் கொடுத்தேன். ஒரே நிபந்தனை: தின்பது உன் இஷ்டம், ஆனால் ரெண்டு பழத்து விதை எனக்குத் திரும்பி வரவேண்டும். எனக்குச் சுவர் உட்கார்ந்தால் உன்னிடம் இருக்கும், உனக்கு வீடு மாறினால் என்னிடம் இருக்கும். மாடியில் வேறு கத்தரியும் இருந்தால் கலந்துவிடும், அதனால் விதைக்கான மொட்டை விரிவதற்கு முன்னாடியே மெல்லிசான துணிப்பையால் மூடி, பூ விரிந்ததும் மேலிருந்தே சுண்டிவிட்டு, பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு நூல் கட்டு என்று சொன்னேன். "ஹோம்வொர்க் மாதிரி இருக்கேண்ணே" என்றான். ஆமாம் என்றேன்.

பொங்கலுக்கு அடுத்த நாள் அவனிடமிருந்து ஒரு படம். இந்த முறை குழுவில் போடவில்லை, எனக்கு மட்டும். காய் மஞ்சளாகி, தோல் லேசாகச் சுருங்கி, காம்பில் சிவப்பு நூல். கீழே எழுதியிருந்தான்: "அண்ணே, இது பழுத்து வீணாப் போச்சு போல, பாக்க நல்லா இல்ல. கிள்ளிப் போட்டுடவா?"

மாட்டைக்கூட அவிழ்க்காமல் போன் போட்டேன். "டேய், தொடாதே!"